பள்ளத்தெருவின் நீளம்

"முப்பது மீட்டர் அளவு டேப்பு ஒண்ணு, இரும்பு உறையோட. அதைத் திருப்பிக் கொடுத்தாத்தான் குடும்ப ஓய்வூதியக் கோப்பு நகரும்" என்றார் நகராட்சித் தலைமை எழுத்தர். அம்மா இறந்து பதினாறாவது நாள் அது.

மகள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் உறை. கைப்பிடி உடைந்த இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது.

"இது இல்லம்மா. இரும்பு உறை."

"அது அம்மா வேலையில சேர்ந்த ரெண்டாவது வருஷமே அறுந்துபோச்சு சார். புதுசு கேட்டு நாலு கடிதம் எழுதியிருக்காங்க. நாலுக்கும் நகல் வீட்டுல இருக்கு. வரல. இது அவங்க சொந்தமா வாங்கினது."

"எனக்குப் புரியுது. பதிவேட்டுக்குப் புரியணுமே. அதுல இரும்புன்னு இருக்கு."

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி அறுந்த டேப்பை நான் எங்க போய்த் தேடுறது?"

"தேட வேண்டாம். கடையில ஒண்ணு வாங்கிக் கொடுத்துருங்க. எல்லாரும் அப்படித்தான் செய்யுறாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒப்படைப்புச் சீட்டு மூணு நகல் வேணும். ஒண்ணு பழைய பொருள் பிரிவுக்கு, ஒண்ணு புது சொத்து மேலாண்மைப் பிரிவுக்கு, ஒண்ணு எனக்கு. முன்னல்லாம் ஒண்ணு போதும். இப்பத்தான் அதிகாரம் மொத்தமும் நம்ம ஊருக்கே வந்துருச்சே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அதிகாரத்தைத் தலைநகரிலிருந்து ஊருக்கு அனுப்பிவைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

டேப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

அம்மாவின் பதவிப் பெயர் வரி மதிப்பீட்டு உதவியாளர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. டேப்பம்மா என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். வீடு வீடாகப் போய்க் கட்டடத்தை அளக்க வேண்டும். அந்த அளவுக்கு ஏற்றபடி வீட்டு வரி போட வேண்டும். அதுதான் வேலை.

டேப்புக்கு இரண்டு முனை. பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். நகராட்சி கொடுத்ததோ ஒரே ஆள், அம்மா மட்டும். உதவிக்கு ஆள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பூஜ்யம் உள்ள முனையைச் சுவரோரம் தான் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். எண் தெரிகிற முனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவாள்.

"நீங்களே படிங்க. எனக்குக் கேக்குற மாதிரி சத்தமா."

படித்து முடித்ததும் நோட்டையும் பேனாவையும் நீட்டுவாள். "நீங்களே எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க."

தன் கையால் தன் வீட்டை அளந்து, தன் கையெழுத்தில் எழுதியவர் அப்புறம் வந்து சண்டை போட முடியாது. முப்பது வருடத்தில் அம்மா போட்ட வரியை எதிர்த்து ஒரே ஒரு முறையீடுதான் வந்தது. அதுவும் பாகப்பிரிவினைச் சண்டையில் தம்பி அண்ணன்மேல் போட்டது.

மற்ற மதிப்பீட்டாளர்களுக்கு டேப்பே வேண்டியிருக்கவில்லை. "டீக்கடையில உட்கார்ந்த இடத்துலயே நாலு தெருவை அளந்துடுறாங்கடி" என்பாள் அம்மா, ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே. "வீட்டுக்காரன் கவரை நீட்டினா மூணு அறை ஒண்ணா சுருங்கிடுது. என்ன மாயமோ!"

"யார் சுருங்கிட்டா?" என்பார் அப்பா. முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் காது பாதிதான் கேட்கும்.

"உங்க மூளை" என்பாள் அம்மா. அது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிடும்.

அந்த நாளில் ஊர் வசூலித்த வரி முழுக்கத் தலைநகருக்குப் போகும். தலைநகர் அதற்குத் தோன்றிய தொகையை மானியமாகத் திருப்பி அனுப்பும். அம்மா சரியாக அளந்தாலும் தப்பாக அளந்தாலும் ஊருக்கு வருவது ஒன்றுதான். அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று அலுவலகத்தில் கேட்பார்கள். அளவு என்றால் அளவுதானே என்பாள். அவளிடம் அதற்குமேல் விளக்கம் கிடையாது.

*

அவள் அளந்த தெருக்களில் ஊரின் தாழ்ந்த மூலையில் இருந்தது பள்ளத்தெரு. மழை என்றால் மேட்டுத் தெருக்களின் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். முழங்கால் அளவு. இரண்டு நாள், மூன்று நாள். தெரு முனையில் ஒரு மெத்தைக்கடை. கடைக்காரர் பஞ்சு மூட்டைகளைப் பரணில் ஏற்றி வைத்திருப்பார். தைத்து முடித்த மெத்தைகளை ஏற்ற இடம் இருக்காது. ஒவ்வொரு மழைக்கும் பத்துப் பதினைந்து நனைந்து நாறும்.

"வடிகால் ஒண்ணு வெட்டி வாய்க்கால்ல விட்டாப் போதும்மா. இதுக்குப் போய் இத்தனை வருஷமா?" என்று அவர் அம்மாவிடம் கேட்காத மழைக்காலம் இல்லை. கோப்பு தலைநகரில் இருந்தது. போகும், வரும், ஒரு கேள்வியோடு மறுபடி போகும்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் வீட்டை அளக்குறவ. தெரு பொறியாளர் பிரிவு" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, நனைந்த மெத்தையைத் தூக்கிக் கொடியில் போட அவருக்கு ஒரு கை கொடுப்பாள்.

*

மகள் புள்ளியியல் படித்தாள். தலைநகரில் நிதி அமைச்சகத்தில் வேலை. வரிப்பணத்தில் எது மைய அரசுக்கு, எது ஊர்களுக்கு என்று பிரிக்கும் முறையை மாற்றியெழுத ஒரு குழு போட்டார்கள். ஆறு பேரில் அவள்தான் இளையவள். இரண்டு வருட உழைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை.

சாரம் இதுதான். ஊர் தன் வரியைத் தானே வசூலித்துத் தானே செலவு செய்யட்டும். பணம் கொடுத்தவன் பக்கத்திலேயே நின்று பார்ப்பதால் வீண்செலவு குறையும். போட்ட பணத்துக்குப் பலன் கூடும், நாட்டு வருமானம் உயரும். தலைநகரில் வேலை குறைவதால் அரசும் மெலியும்.

விடுமுறைக்கு வந்தபோது ஒரு பிரதியைக் கொண்டுவந்தாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று நாள் படித்தாள்.

"நாட்டு வருமானம் கூடும்னு போட்டிருக்கியே, எவ்வளவு கூடும்?"

"வருஷத்துக்கு அரைக்கால் சதவீதம் இருக்கலாம்மா. மத்த நாட்டுப் புள்ளிவிவரத்தை வெச்சுப் பாத்தா உறுதியாச் சொல்ல முடியல. இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு நான் ஒரு வீட்டு அளவை எழுதிட்டு வந்தா அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இது வீடு இல்லம்மா, நாடு."

"நாடுங்கறது என்னடி, அளக்காத வீடா?" என்றாள் அம்மா. ஆனால் அவளுக்குச் சந்தோஷம். பள்ளத்தெரு வடிகாலுக்கு இனித் தலைநகரைக் கேட்க வேண்டாம் என்ற ஒரு விஷயத்தை மட்டும் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எண்பத்தேழாம் பக்கத்தில் இருந்த சூத்திரத்தை அம்மா படித்தாளா, தாண்டிப் போனாளா என்று மகள் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மகள் எழுதியது.

*

சட்டம் வந்தது. கூடவே எல்லா ஊர் நகராட்சிக்கும் ஒரு சுற்றறிக்கை. அதில் ஒரு வரி: 'வசூலாகும் வரி முழுவதும் அந்தந்த ஊரிலேயே தங்கும்.'

அம்மா அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஊரில் பாதி வீடுகள் பழைய அளவிலேயே கிடந்தன. மாடி ஏறியிருக்கும், பின்னால் இரண்டு அறை முளைத்திருக்கும், நோட்டில் ஒற்றைக் கூடம் என்று இருக்கும். ஒன்றரை வருடத்தில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வீடு அளந்தாள். பதினொரு நோட்டு. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயில் தலைக்கு வந்த பிறகுதான் அலுவலகம்.

அளவு கூடியவர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்களிடம் சுற்றறிக்கையைப் பிரித்துக் காட்டினாள். "பாருங்க, எழுத்துல இருக்கு. நீங்க கட்டுறது எங்கயும் போகாது. இதே ஊர்ல கிடக்கும்."

பள்ளத்தெருவில் அவளே ஒரு படி மேலே போனாள். மெத்தைக்கடையின் பின்கட்டை அளந்து முடித்தபோது அவருடைய வரி இரண்டரை மடங்காகியிருந்தது. நோட்டில் எழுத மாட்டேன் என்று பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"நான் ஏம்மா எழுதணும்? என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கவா?"

"அண்ணே, இந்த வருஷம் எழுதுங்க. அடுத்த மழைக்கு அடுத்த மழை உங்க கடை வாசல்ல தண்ணி நின்னா என்னைக் கேளுங்க."

"உன்னையா? நீ யாரு, நகராட்சித் தலைவரா?"

"நான் டேப்பம்மா. நான் சொல்லி ஏதாவது அளவு தப்பியிருக்கா?"

அவர் எழுதினார். அவரைப் பார்த்துத் தெருவே எழுதியது.

*

சட்டம் வந்த முதல் வருடம் ஊரின் சொந்த வரி வருமானம் நாற்பத்திரண்டு இலட்சம். அம்மா அளந்து முடித்த மறுவருடம் எழுபத்தொரு இலட்சம். இருபத்தொன்பது இலட்சம் கூடுதல். வடிகாலுக்கு மதிப்பீடு இருபத்துநாலு. அலுவலகத்தில் அம்மாவுக்குக் கைதட்டினார்கள். ஆணையர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் தலைநகரிலிருந்து மானிய ஆணை வந்தது. போன வருடம் ஒரு கோடியே பத்து இலட்சம். இந்த வருடம் எண்பத்தொரு இலட்சம். இருபத்தொன்பது குறைவு. காலணா பிசகவில்லை.

மானியம் என்பது ஊரின் தேவையிலிருந்து ஊரின் சொந்த வரியைக் கழித்தால் வருவது. எண்பத்தேழாம் பக்கம். முன்பு நாற்பத்திரண்டும் நூற்றுப்பத்தும், நூற்றைம்பத்திரண்டு. இப்போது எழுபத்தொன்றும் எண்பத்தொன்றும், அதே நூற்றைம்பத்திரண்டு. வரி முழுவதும் ஊரிலேயே தங்கியது. சுற்றறிக்கையில் பொய் இல்லை. மானியம் தங்கவில்லை. அதைப் பற்றிச் சுற்றறிக்கை பேசவில்லை.

அதோடு போகவில்லை. அதிகாரம் வந்த ஊருக்கு அதற்கான ஆட்கள் வேண்டும் என்று ஒரு விதி. வரவுசெலவு அலுவலர், உள் தணிக்கையாளர், சொத்து மேலாளர், அவர்களுக்குக் கீழே பத்துப் பேர். சம்பளம் ஊர் தலையில். நகராட்சியில் முப்பத்தொரு பேர் இருந்த இடத்தில் நாற்பத்துநாலு பேர். தலைநகரிலாவது மெலிந்ததா என்றால், பழைய மானியப் பிரிவு அப்படியே இருந்தது, ஊர்கள் எப்படிச் செலவு செய்கின்றன என்று பார்க்க இன்னொரு கண்காணிப்புப் பிரிவும் திறந்தார்கள். அதில் ஐம்பத்தாறு பேர். மகளின் அறையைப் பலகை போட்டுத் தடுத்து, அந்தப் பக்கம் அவர்களில் நாலு பேரை உட்கார வைத்தார்கள்.

*

மானிய ஆணை வந்த அன்று சாயங்காலம் அம்மா ஃபோன் செய்தாள். வழக்கமாகச் சாப்பிட்டாயா என்று தொடங்குவாள். அன்று தொடங்கவில்லை.

"எந்த அறிவாளிடி இந்தச் சூத்திரத்தைப் போட்டது? ஒழுங்கா வரி வாங்கின ஊருக்கு அபராதம், வாங்காத ஊருக்குப் பரிசு. பக்கத்து ஊர்ல ஒரு வீட்டையும் அளக்கல, அவங்களுக்கு மானியம் அப்படியே வருது. கையில கெடைச்சான்னா அவனை இந்த டேப்பாலயே கட்டிப் போடுவேன்."

மகள் ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கேக்குதா?"

"கேக்குதும்மா. நான்தான்."

"என்ன நீதான்?"

"சூத்திரம். நான் எழுதினது."

அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது. பக்கத்து வீட்டு மிக்சியாக இருக்கும்.

மகள் படபடவென்று விளக்கினாள். ஊர் எவ்வளவு வசூலித்தது என்பதைக் கழிக்கக் கூடாது, எவ்வளவு வசூலிக்க முடியும் என்பதைத்தான் கழிக்க வேண்டும். அப்போதுதான் உழைத்த ஊருக்குக் கூடுதல் மிஞ்சும். இது அவளுக்கு எழுதும்போதே தெரியும். ஆனால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட ஒவ்வொரு ஊரிலும் உள்ள வீடுகளின் உண்மையான அளவு வேண்டும். எந்த ஊரிலும் அது இல்லை. வசூல் தொகைதான் கையில் இருந்தது. இருந்ததை வைத்துப் போட்டாள்.

"எந்த ஊர்லயும் இல்லையா?" என்றாள் அம்மா.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் நோட்டுகள் அலமாரியில் அடுக்கியிருப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். ஒரு நாளும் அவற்றைத் தரவு என்று நினைத்ததில்லை. அம்மாவின் நோட்டு என்றுதான் நினைத்திருந்தாள்.

"மாத்த முடியுமா?"

"முயற்சி பண்றேன்மா."

"சரி. பண்ணு." கொஞ்சம் பொறுத்து, "இதை இங்க யார்கிட்டயும் சொல்லாத. பள்ளத்தெருவுல காதுக்குப் போச்சுன்னா நீ இந்த ஊருக்குள்ள கால் வைக்க முடியாது."

"அப்ப உன்னைக் கேப்பாங்களே?"

"என்னைத்தானே கேக்கச் சொன்னேன்?"

*

கேட்டார்கள். முதல் மழைக்குப் பொறுத்தார்கள். இரண்டாவது மழைக்கு வடிகால் வரவில்லை, தண்ணீர் வந்தது. கூடுதல் வரி கட்டியும் முழங்கால் தண்ணீர். மெத்தைக்காரர் நனைந்த மெத்தை ஒன்றைத் தலையில் சுமந்து வந்து நகராட்சி வாசலில், அம்மாவின் நாற்காலிக்கு நேராகப் போட்டார்.

"இதையும் அளந்து எழுதிக்கோம்மா. நீளம் ஆறேகால் அடி. அகலம் உன் நாக்கு அளவு."

அலுவலகமே வேடிக்கை பார்த்தது. அம்மா எழுந்து நின்றாள். சூத்திரம், மானியம், கழித்தல் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் போட்டது என்று வரும். மகள் தலைநகரில் இதே வேலையில் இருக்கிறாள் என்பது ஊர் அறிந்த விஷயம்; அம்மாவே பெருமையாகச் சொல்லித் திரிந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளத்தெருவில் டேப்பம்மா என்று யாரும் கூப்பிடவில்லை. ரப்பரம்மா என்றார்கள். இழுத்த இழுப்புக்கு நீளுகிற வாய் என்று அர்த்தம். மெத்தைக்கடைக்கு எதிரே தையல் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் அவள் நடந்து போகும்போது சத்தமாகச் சிரித்தார்கள். அம்மா அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அதே வழியாகத்தான் தினமும் போனாள். இதையெல்லாம் அப்பாதான் பிறகு சொன்னார். பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும். விழுந்த பாதியே போதுமாக இருந்தது.

ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வடக்குத் தெருவில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் கையில் மறுமுனை இருந்தது. டேப்பு தளர்ந்ததும்தான் அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

*

இந்தக் காலம் முழுக்க மகள் தலைநகரில் சூத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொல். 'வசூலித்த' என்ற இடத்தில் 'வசூலிக்கக்கூடிய'. மேலதிகாரியிடம் போனாள். கொள்கை அளவில் சரி என்றார். கண்காணிப்புப் பிரிவைக் கேட்க வேண்டும் என்றார். அவர்கள் ஒரு துணைக்குழு அமைத்தார்கள். பதினான்கு பேர். துணைக்குழுவுக்கு ஒரு வண்டி, ஒரு தட்டச்சர். மூன்றாவது கூட்டத்தில், நிஜ அளவு உள்ள ஒரு மாதிரி ஊர் இருந்தால் காட்டுங்கள் என்றார்கள்.

அம்மா இறந்து இருபதாம் நாள், பதினொரு நோட்டுகளையும் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள்.

துணைக்குழுச் செயலர் நல்ல மனிதர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "அபாரமா இருக்கு. ஆனா ஒரு சிக்கல். அளவு எல்லாம் வேற வேற கையெழுத்தா இருக்கே?"

"வீட்டுக்காரங்க எழுதினது சார். அவங்களே அளந்து, அவங்களே எழுதி, கையெழுத்துப் போட்டது. அதைவிட வேற என்ன சான்று வேணும்?"

"அதுதான் சிக்கல். அளவை அலுவலர் தன் கைப்பட எழுதணும்னு விதி. வரி கட்டுறவர் எழுதினா அது அவரோட வாக்குமூலம். அளவு ஆகாது."

"டீக்கடையில உட்கார்ந்து அலுவலர் எழுதினா?"

"அது அளவு" என்றார் அவர். சொன்னதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. டீ சொல்லட்டுமா என்று கேட்டார். மகள் வேண்டாம் என்றாள்.

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார். வீட்டுக்காரர்களிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். குறைந்தது ஒரு தெரு. கூடவே, மானியக் குறைப்பால் நின்றுபோன வேலை எது, அதன் நீளம் அகலம் என்ன என்று ஒரு கட்டம். ஒப்புதல் வந்தால் துணைக்குழு ஆராயும். ஆராய எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். பதினெட்டு மாதம் இருக்கலாம் என்றார். மகளுக்கு அம்மா குரல் கேட்டது. இல்லாமலும் இருக்கலாம்.

*

பள்ளத்தெருவுக்குப் போனபோது முந்தின நாள் மழையின் தண்ணீர் கணுக்காலளவு நின்றது. மெத்தைக்காரர் வாசலில் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா பாப்பா. அம்மா சாவுக்கு என்னால வர முடியல. கோபம் இருந்துச்சு. போனப்புறம் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"மாமா, ஒண்ணு சொல்லணும். நின்னுட்டே சொல்லிடுறேன்."

தையல் கடைப் பெண்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள். மகள் சொன்னாள். அவளுக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. நூற்றைம்பத்திரண்டு கணக்கைச் சொன்னாள். கழித்தலை எழுதியது தான் என்றாள். அம்மாவுக்குத் தெரியும், தன்னைக் காப்பாற்றத்தான் வாயைத் திறக்கவில்லை என்றாள். அம்மா உங்களிடம் சொன்னது எதுவும் பொய்யில்லை என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மெத்தைக்காரர் தண்ணீரைக் காட்டினார்.

"உன் வீட்டு வாசல்ல தண்ணி நிக்குமா பாப்பா, தலைநகர்ல?"

"நிக்காது மாமா."

"நிக்காது. நின்னிருந்தா ஒழுங்கா எழுதியிருப்ப." அவர் குரல் ஏறியது. "ரெண்டு வருஷம். நாக்குல நரம்பில்லாமப் பேசினேன் அவளை. மெத்தையைக் கொண்டுபோய் அவ முன்னாடி போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? உன்னைத் திட்டிட்டுப் போயிருப்பேன். நீ எங்கயோ இருக்கற, உனக்குக் கேட்டிருக்கவும் கேட்டிருக்காது. அவளுக்கு எல்லாம் கேட்டுச்சு. நீ படிச்ச படிப்புக்கு, சொந்த அம்மாவை வெச்சா கணக்குப் பார்க்கணும்?"

அவர் கேட்டது சரி.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும், அதைச் சொல்லவில்லை. நனைந்த மெத்தைக்குப் பதில் அவர் புதிதாகத் தைத்து விற்பதெல்லாம் நாட்டு வருமானத்தில் வரவாகத்தான் ஏறும். கெட்டுப்போனது எந்தப் பத்தியிலும் வராது. வடிகால் வராததால் அந்த வருமானம் ஒரு சொட்டுக் கூடியே இருக்கலாம்.

படிவத்தை நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார்.

"என் கையெழுத்து நோட்டுலயே இருக்கே. அது செல்லாதுன்னா இது மட்டும் எப்படிச் செல்லும்?"

"தெரியல மாமா. அவங்க அப்படித்தான் கேக்குறாங்க."

"அவங்க எத்தனை பேர்?"

"பதினாலு."

"பதினாலு பேருக்கு ஒரு கையெழுத்துப் படிக்கத் தெரியல." கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழிக்காத குறைதான். அடுத்த கட்டத்துக்கு வந்தார். "வடிகால் நீளம் நூத்தியெண்பது மீட்டர்னு நிரப்பியிருக்கே. யாரு அளந்தது?"

"கோப்புல அப்படி இருக்கு. தலைநகர் வரைபடத்துல இருந்து எடுத்திருக்காங்க."

"வரைபடத்துல எண்ணெய் மில்லுப் பின்னாடி தெரு திரும்புறது இருக்கா?"

அவள் கைபேசியில் கோப்பைத் திறந்து பார்த்தாள். தெரு நேராகப் போனது.

"இல்ல."

"இருபத்தொரு வருஷமா ஒருத்தனும் வந்து அளக்கல! இல்லாத தெருவுக்கு மதிப்பீடு போட்டு, அதுக்கு இல்லைன்னு சொல்ல இத்தனை பேர்." அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "அந்த டேப்பு இருக்கா, இல்ல அதையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்களா?"

மகள் பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. பூஜ்யம் உள்ள முனையைக் கடைச் சுவர் மூலையில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுமுனையை அவரிடம் கொடுத்தாள்.

முப்பது முப்பதாக அளந்தார்கள். ஒவ்வொரு தடவையும் டேப்பு முடிந்த இடத்தில் தையல் கடைப் பெண் ஒருத்தி ஒரு செங்கலை வைத்தாள். மில்லுக்குப் பின்னால் திரும்பும் இடத்தில் டேப்பு வளையாமல் இருக்க இரண்டாகப் பிரித்து அளந்தார்கள். வாய்க்கால் கரையில் போய் நின்றபோது ஏழு முப்பதும் மேலே ஒரு நாலும்.

"இருநூத்திப் பதினாலு!" என்று அவர் சத்தமாகப் படித்தார். கை நீட்டினார். மகள் படிவத்தைக் கொடுத்தாள். நூற்றெண்பதை அடித்துவிட்டு அவரே எழுதினார்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அலுவலர் தன் கைப்பட எழுத வேண்டும். இது அவர் கையெழுத்து. இதுவும் வாக்குமூலமாகத்தான் போகும். சொல்லலாமா என்று பார்த்தாள். சொல்லவில்லை.

அவர் பேனாவை மூடாமல் நின்றார். வந்த வழியை, செங்கல் செங்கலாகத் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்த தெருவைப் பார்த்தார்.

"உங்க அம்மா ஒரு தடவை அளந்தது போதும்னு விடமாட்டா" என்றார். "மறு கோடியிலேருந்து திரும்ப ஒருக்கா அளந்து பாக்காம எழுத விடமாட்டா."

மகள் டேப்பின் பூஜ்யத்தை வாய்க்கால் கரைக் கல்லில் வைத்தாள். அவர் மறுமுனையை எடுத்துக்கொண்டு கடைப் பக்கமாக நடந்தார்.